வெற்றுக் கட்டமும் பூச்சியமும்

கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவு கிழமைக்கு ஒன்றாக ஓர் ஆங்கில அறிக்கை வெளியிடுகிறது. முன்பக்கத்தில் ஏதாவது ஒரு நோயைப் பற்றிய கட்டுரை இருக்கும். பின்னால் அட்டவணை. கொழும்பு, கம்பஹா, களுத்துறை என்று மாவட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வர, நடுவில் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் இடையில் கிளிநொச்சி நிற்கும். மேலே டெங்கு, வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், செங்கண்மாரி என்று நோய்களின் பெயர்கள். ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு எண்: இந்தக் கிழமை எத்தனை பேர், வருடம் பிறந்ததிலிருந்து எத்தனை பேர்.

கிளிநொச்சி வரிசையில் பெரும்பாலும் சிறிய எண்கள்தான். பல இடங்களில் பூச்சியம். கண்ணை ஓட்டுகிறவர் அதைத் தாண்டிக் கீழே போய்விடுவார். ஆனால் அட்டவணையின் வலது ஓரத்தில், நோய்களெல்லாம் முடிந்த பிறகு, இன்னும் இரண்டு எண்கள் உண்டு. அந்த மாவட்டத்திலிருந்து வரவேண்டிய அறிக்கைகளில் எத்தனை வீதம் நேரத்துக்கு வந்தன, எத்தனை வீதம் வந்து சேர்ந்தன என்று சொல்லும் எண்கள் அவை. அவற்றைப் பார்க்காமல் இடப்பக்கத்துப் பூச்சியத்தை நம்பக் கூடாது. "தேடினோம், நோய் இல்லை" என்பதும் பூச்சியம். "தேடவே இல்லை" என்பதும் அட்டவணையில் பூச்சியமாகத்தான் தெரியும். நோய்க் கண்காணிப்பு என்ற படிப்பின் பெரும்பகுதி இந்த இரண்டையும் பிரித்தறியும் படிப்பு. அதைக் கற்றுக்கொள்ள இலங்கையில், கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னியைவிடக் கடுமையான பாடசாலை கிடையாது.

பாதையை ஒரு தடவை நடந்து பார்க்கலாம். ஏ-9 வீதியிலிருந்து மேற்கே, அக்கராயன் குளத்துக்குக் கிட்ட உள்ள ஊர் ஸ்கந்தபுரம். நெல் வயல்கள், தென்னங்காணிகள், மாடுகள். காலபோகத்தில் அங்கே ஒரு கமக்காரருக்குக் காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலையிடி, கெண்டைக்காலில் தொட முடியாத நோ, கண் சிவப்பு. முதல் நாள் பனடோல். இரண்டாம் நாளும் பனடோல். மூன்றாம் நாள் அக்கராயன் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்; அங்கிருந்து கிளிநொச்சி மாவட்ட பொது வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள். விடுதியில் சேர்த்த வைத்தியர் எலிக்காய்ச்சல் என்று சந்தேகப்படுகிறார்.

சந்தேகப்பட்டாலே போதும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் முதல் விதி. இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. விடுதியில் இருக்கும் எச்-544 என்ற படிவத்தை உடனே நிரப்ப வேண்டும்: பெயர், வயது, முகவரி, காய்ச்சல் தொடங்கிய திகதி, சந்தேகிக்கும் நோய். இது வைத்தியரின் விருப்பத்துக்கு விட்ட காரியம் அல்ல. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் மருத்துவம் செய்பவர் எவர்மேலும் சுமத்திய கடமை. அரச வைத்தியருக்கும் தனியார் வைத்தியருக்கும் ஒன்றேதான். கொலராவோ பிளேக்கோ என்றால் படிவத்தை நம்பியிருக்காமல் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

படிவம் நோயாளி படுத்திருக்கும் ஆஸ்பத்திரியின் பகுதிக்குப் போகாது. அவர் குடியிருக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு, ஊரில் சொல்வதுபோல எம்.ஓ.எச். ஒபிசுக்குப் போகும். நம் கமக்காரர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் கிடந்தாலும் படிவம் ஸ்கந்தபுரம் அடங்கும் கரைச்சிப் பணிமனைக்குத்தான் வரவேண்டும், ஏனென்றால் நோய் பிடித்த தண்ணீர் இங்கே இருக்கிறது. பணிமனையில் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது பி.எச்.ஐ.யிடம், எச்-411 படிவத்தைக் கொடுக்கிறார்கள். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

முழுச் சங்கிலியிலும் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தக் கண்ணிதான். கொழும்பிலிருந்து பார்த்தால் நோயாளி ஒரு எண். பி.எச்.ஐ. போய் உட்காரும் விறாந்தையில் அவர் ஒரு குடும்பத்தின் உழைப்பாளி. "ஐயா, போன கிழமை, அதுக்கு முந்தின கிழமை எந்த வயலுக்குள்ள இறங்கினீங்கள்? காலில காயம் ஏதும் இருந்ததோ?" என்று கேட்க வேண்டும். முந்தின கிழமை என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் நுழைந்து, காய்ச்சலாக வெளிப்பட ஐந்து நாளிலிருந்து இரண்டு கிழமை வரை எடுக்கும். கிருமி எலியின் சிறுநீரிலும், மாடு நாய் போன்றவற்றின் சிறுநீரிலும் வெளியேறித் தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருக்கும். கால்வெடிப்பு, கீறல், கண், வாய் வழியாக உள்ளே போகும். "எலிக்காய்ச்சலோ? எங்கட வீட்டில எலி இல்லையே" என்ற பதில் எங்கள் பக்கத்தில் எப்போதும் தயாராக இருக்கும். அந்தப் பதிலோடு விவாதித்து, வீட்டு எலியைப் பற்றிய பேச்சை வயல்வரம்புக்குக் கொண்டுபோவது பி.எச்.ஐ.யின் திறமை. அதே வயலில் இறங்கிய வேறு யாருக்காவது காய்ச்சலா, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் படுத்திருக்கிறார்களா என்று தேடுவதும், ஆபத்தில் இருப்பவர்களுக்குக் கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் கிடைக்க வழி செய்வதும் அதே பயணத்தில் நடக்க வேண்டும். படிவம் நிரப்புவதன் பயன் இங்கேயே தொடங்கிவிடுகிறது. கொழும்பு எண்ணிக் கூட்டி முடிக்கும்வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

பிறகுதான் கணக்கு. சனியில் தொடங்கி வெள்ளியில் முடியும் கிழமைக்கு, பணிமனை எச்-399 என்ற வாராந்த அறிக்கையை அனுப்புகிறது. ஒன்று மாவட்டத்தின் பிராந்தியத் தொற்றுநோயியலாளருக்கு, ஒன்று கொழும்புக்கு. நாடு முழுவதும் 350 அளவிலான பணிமனைகளிலிருந்து இப்படி வந்து சேர்வதுதான் நாம் பார்த்த அட்டவணை. இப்போது பெரும்பகுதி கணினி வழியாகப் போகிறது. நோயே இல்லாத கிழமையிலும் "இல்லை" என்று எழுதி அனுப்பியாக வேண்டும். குளத்துக் கட்டில் நிற்கும் நீர்மட்ட அளவுகோலை மழை பெய்யாத நாளிலும் ஒருவர் போய்ப் பார்த்து எழுதுகிறாரே, அதுபோல. வெள்ளம் வரும் நாளில் மட்டும் எழுதினால் எது வெள்ளம் என்றே தெரியாமல் போய்விடும்.

எது வெள்ளம் என்று தீர்மானிப்பதற்கும் முறை இருக்கிறது. இந்த வருடம் இந்தக் கிழமை வந்த எண்ணை, கடந்த ஐந்து வருடங்களில் இதே காலத்தில் வந்த எண்களோடு ஒப்பிடுவார்கள். வழமைக்கு மேலே போனால் மணி அடிக்கும். ஆனால் எண்ணை எண்ணாகவே வாசித்தால் கிளிநொச்சி எப்போதும் தோற்றுத்தான் போகும். 2012 குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாவட்டத்தின் சனத்தொகை 23 இலட்சத்துக்கு மேல். கிளிநொச்சியில் ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரம் அளவு. இங்கே ஐந்து பேருக்கு ஒரு நோய் என்றால், ஆளுக்கு ஆள் பார்க்கையில் அது கொழும்பில் நூறு பேருக்கு வந்ததற்குச் சமம். நூறு தலைப்புச் செய்தி ஆகும். ஐந்து அட்டவணைக்குள்ளேயே கிடக்கும். பத்திரிகைக்காரர்கள் நாங்கள்தான் இதில் முதல் குற்றவாளிகள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

சங்கிலி எங்கெங்கே அறுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று நாள் பனடோலோடு காய்ச்சல் இறங்கிவிட்டால் அந்த நோயாளி எந்தப் பதிவிலும் இல்லை. தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு போனவரும் பெரும்பாலும் இல்லை. சட்டம் இருந்தாலும் பின்னேரம் நாற்பது பேரைப் பார்க்கும் வைத்தியரின் மேசையில் எச்-544க்கு இடம் கிடைப்பது அரிது. வெளிநோயாளர் பிரிவில் மருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களும் நழுவிவிடுகிறார்கள். விடுதியில் படுத்தவர்கள்தான் அட்டவணையில் வருகிறார்கள். ஆகவே அந்த எண் நோயின் அளவு அல்ல. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முற்றிய நோயின் அளவு. இந்தக் குறை எல்லா வருடமும் ஒரே மாதிரி இருந்தால் ஒப்பீட்டுக்குப் பெரிய பழுது இல்லை. திடீரென்று குறை கூடினாலோ குறைந்தாலோதான் ஏமாறுவோம்.

அடுத்தது முகவரி. புதுக்குடியிருப்பு என்று மட்டும் எழுதினால் அது முல்லைத்தீவா, மன்னாரா, மட்டக்களப்பா? மூன்று இடத்திலும் அந்தப் பெயரில் ஊர் உண்டு. இடம்பெயர்ந்து, மீளக்குடியேறி, மறுபடியும் வேலைக்காக வேறு ஊரில் தங்கி வாழும் சனத்தின் அடையாள அட்டையில் ஒரு முகவரி, படுத்தெழும்பும் இடம் வேறு. பிழையான பணிமனைக்குப் போன படிவம் சரியான பணிமனைக்குத் திரும்பி வருவதற்குள் டெங்கு நுளம்புக்குப் புதிய தலைமுறையே பிறந்துவிடும்.

மூன்றாவது, நம்பிக்கை. வன்னியில் படிவத்தோடு படலைக்கு வருகிறவரைச் சனம் முதலில் சந்தேகத்தோடுதான் பார்க்கும். பல பத்தாண்டுகளாக யார் யாரோ வந்து, வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே, எப்போது போனார், எப்போது வந்தார் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதனால் நன்மை விளைந்த ஞாபகம் குறைவு. கொரோனாக் காலத்தில் தனிமைப்படுத்திய வீடுகளின் வாசலில் ஒட்டிய அறிவித்தல் அந்தச் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. நோயை மறைக்கவே பலரைப் பழக்கியது. அமெரிக்கத் தொற்றுநோயியலாளர் அலெக்ஸாண்டர் லாங்மியூர் 1963இல் இந்தத் துறையின் எல்லையை வகுத்தபோது, ஆளைப் பின்தொடர்வதை விட்டு நோயைப் பின்தொடர வேண்டும் என்ற பக்கம் நின்றார். எங்கள் ஊர்களில் அந்த வேறுபாட்டைப் புரியவைக்கும் பொறுப்பு ஒரு பி.எச்.ஐ.யின் பேச்சிலும், அதைவிட அதிகமாகக் குடும்பநல உத்தியோகத்தரின் பேச்சிலும் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் வந்துபோன மிட்வைஃப் அம்மா கேட்டால் சொல்வார்கள்.

இவ்வளவும் சிறிய கதை. பெரிய கதை மலேரியாவுடையது.

வன்னி என்றாலே காய்ச்சல் என்ற பெயர் பழையது. 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேடு, காய்ச்சலும் பறங்கி நோயும் சனத்தைத் தின்ற நிலத்தைத்தான் காட்டுகிறது. ஆனால் இலங்கையின் மிகப் பெரிய மலேரியாக் கொள்ளை வன்னியில் நடக்கவில்லை. 1934இல் மழை பொய்த்து, தென்மேற்கில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நோயெதிர்ப்பு இல்லாத ஈரவலய மக்களில் 1934-35இல் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் மாண்டார்கள்.

1940களின் நடுவில் டி.டி.டி. வந்தது. வீட்டுச் சுவர்களுக்கு அடித்தார்கள். எண் விழுந்துகொண்டே போனது. 1963இல் முழு நாட்டிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். வெற்றி என்று எண்ணிச் செலவைச் சுருக்கினார்கள், மருந்தடிப்பை நிறுத்தினார்கள், இரத்தம் எடுத்துப் பார்ப்பதும் தளர்ந்தது. காட்டுக்குள் இரத்தினக்கல் தோண்டுகிறவர்களிடையே நோய் அணையாமல் கிடந்தது, அங்கே எவரும் போய் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. 1969இல் நோயாளிகள் ஐந்து இலட்சத்துக்கும் மேல். உலகப் பொதுச் சுகாதார வகுப்புகளில் இந்த 17ஐ இன்றைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அந்த எண் பொய்யென்று எவரும் சொல்லவில்லை. பார்த்த இடங்களில் 17தான் இருந்தது.

மலேரியா திரும்பி வந்து முப்பது வருடத்துக்கு மேல் தங்கியது. போர் அதற்குத் துணை. 1995 இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இலட்சக்கணக்கில் வெளியேறிய சனத்தில் பெரும் தொகையினர் அடுத்த மாதங்களில் வன்னிக்கு வந்தார்கள். மலேரியாவுக்குப் பழகாத உடம்புகள், தறப்பாள் கொட்டில்கள், மாரி. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் படையினரிடம் போனபோது நகரச் சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் ஒதுங்கியது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியும் அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. அந்தக் காலத்து ஸ்கந்தபுரத்தை அறிந்தவர்களிடம் கேட்டால் குண்டுவீச்சுக்கு அடுத்ததாகக் குளிர்காய்ச்சலைத்தான் சொல்வார்கள். குளோரோகுயின் குளிசையின் கசப்பும் உடம்புக் கடியும் இன்னும் நாக்கில் இருக்கிறது என்பார்கள்.

பலர் அறியாத ஒன்று, அந்தப் போருக்குள்ளேயே மலேரியா இறங்கத் தொடங்கியது என்பது. 1999இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேல் நோயாளிகள். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் சரிவு. மலேரியா தடை இயக்கத்தின் பிராந்திய அலுவலர்கள் போர்க்கோட்டின் இரு பக்கத்திலும் வேலை செய்தார்கள். நடமாடும் கிளினிக்குகள் குடியேற்றங்களுக்குப் போய்க் காய்ச்சல்காரர்களின் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் பூச்சு எடுத்தன. மருந்து ஊட்டிய நுளம்புவலை கொடுக்கப்பட்டது. மருந்தும் பூச்சிநாசினியும் சோதனைச் சாவடி தாண்டுவது இலகுவாக இருக்கவில்லை. ஆனால் இரு தரப்பும் இந்த வேலையைக் குறிவைத்துத் தடுக்கவும் இல்லை. நுளம்புக்குச் சீருடை தெரியாது என்பது இரு பக்கத்துத் தளபதிகளுக்கும் தெரிந்திருந்தது. கடைசி வருடங்களில் எஞ்சிய நோயாளிகளில் கணிசமானோர் வளர்ந்த ஆண்களாக, அதிலும் காட்டோரம் முகாமிட்ட படையினராக இருந்தது அதற்குச் சாட்சி.

உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. இந்த முறை 1963இன் பிழையைச் செய்யாமலிருக்க வேண்டும். அதனால்தான் வெளிநாடு போய்வந்தவர், காரணம் தெரியாத காய்ச்சலோடு வந்தவர் என்றால் இப்போதும் மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கிறார்கள். "மலேரியாதான் இல்லையே, பிறகேன் குத்துறீங்கள்?" என்று கேட்பவருக்குப் பதில், குத்திப் பார்ப்பதால்தான் இல்லை என்று சொல்ல முடிகிறது என்பதே. ஒரே ஒரு நோயாளி அகப்பட்டாலும் தொலைபேசியில் தகவல் போகும், வீட்டைச் சுற்றி இரத்தம் எடுப்பார்கள், நுளம்பு தேடுவார்கள். 2018 டிசம்பரில் மொனராகலையில் அப்படித்தான் நடந்தது. வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரின் உடம்பில் வந்த விவாக்ஸ் கிருமி உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது. சங்கிலி அங்கேயே அறுக்கப்பட்டது.

நுளம்புகளையும் எண்ணவேண்டும் என்பதை 2016 டிசம்பர் நினைவூட்டியது. அதுவரை இலங்கையில் இல்லாத அனோபிலிஸ் ஸ்டீபென்சி மன்னார்த் தீவில் அகப்பட்டது. இந்தியப் பட்டினங்களில் மலேரியா பரப்பும் இனம். கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும். பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். நோயாளி ஒருவரும் இல்லாதபோது நுளம்பைத் தேடிக்கொண்டிருந்த பூச்சியியல் ஊழியர்களால்தான் அது தெரியவந்தது. கிணறுகளுக்கு மீன் விட்டார்கள், மருந்து போட்டார்கள். வன்னியின் ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால் இது மன்னாரின் பிரச்சினை மட்டும் அல்ல.

கணக்கு எடுக்கவே முடியாத காலமும் இருந்தது. போரின் கடைசிக் கட்டத்தில், 2008இன் பிற்பகுதியில், வன்னி மேற்கின் ஊர்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. அக்கராயனும் ஸ்கந்தபுரமும் கிழக்கு நோக்கி நடந்தன. 2009 சனவரியில் கிளிநொச்சி நகரில் ஒரு சனமும் இல்லை. மே வரை சனம் இருந்த கரையோரத் துண்டில், கூடாரமும் பாடசாலைக் கட்டடமுமாக இருந்த ஆஸ்பத்திரிகளின் வைத்தியர்களுக்கு எச்-544 எழுத நேரம் இருந்திருக்காது. ஒரு மாவட்டத்தின் சனம் மொத்தமும் நோய்க் கணக்குக்கு வெளியே போன மாதங்கள் அவை. தேசிய அட்டவணையைப் பிற்காலத்தில் எடுத்து ஆராயும் மாணவர் ஒருவர் அந்தக் கிழமைகளில் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் எதிரே உள்ளதைப் பார்த்து நோய் குறைந்தது என்று எழுதிவிடக் கூடாது.

பிறகு, போரிலிருந்து வெளியேறிய சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். ஒரு சிறு மாநகரத்தின் சனத்தொகை சில மாதங்களுக்குள் கூடாரங்களுக்குள் வந்து சேர்ந்தது. கொப்பளிப்பான் பரவியது. செங்கண்மாரி பரவியது. இரண்டுக்கும் நடத்தை வேறு. கொப்பளிப்பான் ஆளிலிருந்து ஆளுக்கு, மூச்சுக்காற்றில் தாவும். செங்கண்மாரி, அதாவது ஹெபடைட்டிஸ் ஏ, தண்ணீர் வழியாகவும் அழுக்குக் கை வழியாகவும் வரும். வைரஸ் உள்ளே போய்க் கண் மஞ்சளாக ஏறத்தாழ நான்கு கிழமை ஆகும். ஆகவே முகாமில் இன்று பதிவாகும் செங்கண்மாரி, போன மாதம் குடித்த தண்ணீரின் கணக்கு. இன்று குளோரின் கூட்டினாலும் அடுத்த மூன்று நான்கு கிழமைக்கு எண் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இதை அறியாத நிர்வாகி, குளோரின் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவார். எந்த நாளில் எத்தனை பேர் என்ற வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தவர் பொறுத்திருப்பார். முகாமுக்குள் கூடார வலயம் வலயமாக நோய்க் கணக்கு எடுக்கத் தொடங்கிய பிறகுதான் எந்தப் பக்கத்துக் கக்கூசு, எந்தத் தண்ணீர்த் தாங்கி என்று கேட்கவே முடிந்தது. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது.

திரும்பிவந்த சனம் பற்றை வளர்ந்த காணிகளை வெட்டித் துப்புரவாக்கியது. பற்றைக்குள் உண்ணிக் காய்ச்சல் இருந்தது. வட மாகாணத்து வைத்தியர்கள், காய்ச்சல்காரரின் அக்குளிலும் இடுப்பிலும் ஒரு சிறு கரிய பொருக்கைத் தேடப் பழகினார்கள். அது சிற்றுண்ணி கடித்த அடையாளம். கிழமை அட்டவணையில் உண்ணிக் காய்ச்சல் பத்தியை எடுத்துப் பார்த்தால் யாழ்ப்பாணம் பல வருடம் முன்வரிசையில் நிற்கும். அங்கே நோய் கூடுதல் என்பது உண்மை. அங்கே வைத்தியர்கள் தேடுகிறார்கள் என்பதும் உண்மை.

தேடாததைக் கண்டுபிடிக்க இந்தத் துறை ஒரு கெட்டித்தனமான வழி வைத்திருக்கிறது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். போருக்கு நடுவிலும் 1995 முதல் தடுப்பு மருந்து நாட்களில் இரு பக்கமும் துப்பாக்கியை ஓய வைத்து வன்னிப் பிள்ளைகளின் வாயிலும் சொட்டு மருந்து விழுந்தது. போலியோ இல்லை என்று எப்படி உறுதி செய்வது? போலியோ இல்லாவிட்டாலும், பதினைந்து வயதுக்கு உட்பட்ட ஒரு இலட்சம் பிள்ளைகளில் வருடத்துக்கு ஒருவருக்காவது வேறு காரணங்களால் கைகால் திடீரென்று சோர்ந்து விழும். அப்படி ஒரு பிள்ளைகூட அறிவிக்கப்படவில்லை என்றால், அந்தப் பகுதி சுகமாக இருக்கிறது என்று பொருள் கொள்வதில்லை. அங்கே யாரும் பார்க்கவில்லை என்றே பொருள் கொள்வார்கள். கிளிநொச்சி அளவு மாவட்டத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்று வருடத்துக்கு ஒரு பிள்ளை. அந்த ஒரு பிள்ளை வரும் நாளில் பணியிலிருக்கும் வைத்தியருக்கு, பதினான்கு நாளுக்குள் இரண்டு மல மாதிரிகள் எடுத்துக் குளிரில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது ஞாபகம் இருக்க வேண்டும். மற்ற எல்லாக் கிழமையிலும் "இல்லை" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருப்பதே அந்த ஞாபகத்தை உயிரோடு வைத்திருக்கும்.

இப்போதைய வடக்குக்கு வருவோம். 2024 நவம்பர் இறுதியின் பெருமழைக்குப் பிறகு, டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் காய்ச்சலோடு மூச்சுத்திணறல் வந்து அடுத்தடுத்து மரணங்கள். கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம் அதிகம். சில நாட்களுக்குள் ஏழு பேர். "மர்மக் காய்ச்சல்" என்று கைபேசிகளில் செய்தி பறந்தது. சுகாதாரப் பணிமனை மரணங்களை ஒன்றாகக் கோத்துப் பார்த்தது. மாதிரிகள் ஆய்வுகூடத்துக்குப் போயின. எலிக்காய்ச்சல் என்று வந்தது. நுரையீரலைத் தாக்கும் அதன் கடும் வடிவம். உடனே வயல்காரருக்குக் குளிசை, அறிவித்தல், வீடுவீடாகத் தேடல். மாரியில் காய்ச்சல் என்றால் டெங்கு என்றே எண்ணப் பழகிய ஒரு மாவட்டத்தில், மரணங்களுக்குள் இருந்த ஒற்றுமையைச் சில நாட்களுக்குள் கண்டது சாதாரண வேலை அல்ல. அதே வேளை, மரணத்திலிருந்து நோயைக் கண்டுபிடித்தது பின்னாலிருந்து கண்டுபிடித்ததுதான். 2008இல் நாட்டில் எலிக்காய்ச்சல் 7,406 பேரைப் பிடித்து 204 பேரைக் கொன்ற வருடத்திலிருந்து தென்னிலங்கையின் வயல் மாவட்டங்களில் பழக்கமான எச்சரிக்கை, வடக்குக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

அட்டவணை ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்பது இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தகவல் ஸ்கந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு ஏறுகிறது, ஆங்கிலத்தில் அச்சாகிறது, இணையத்தில் கிடக்கிறது. தமிழ்நாட்டில் வேறு மாதிரி செய்து காட்டியவர்கள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் 1980களில் வட ஆற்காடு மாவட்டத்தில் "நதி" என்ற நோய்க் கண்காணிப்பைத் தொடங்கினார். அரச மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற பேதமில்லாமல் எல்லோர் கையிலும் முகவரி அச்சிட்ட தபாலட்டைகள். நோயைச் சந்தேகித்தால் நாலு சொல் எழுதித் தபாலில் போட வேண்டும், அவ்வளவுதான். திரும்பி மாதாமாதம் ஒரு செய்தி மடல் வந்தது: உங்கள் மாவட்டத்தில் இந்த மாதம் எந்த நோய், எங்கே, என்ன செய்தோம். எழுதிப் போட்ட அட்டையால் ஒரு காரியம் நடந்தது என்று மருத்துவர் கண்ணால் கண்டார். அடுத்த அட்டையையும் எழுதினார். 1998இல் லான்செட் சஞ்சிகையில் அந்த அனுபவம் வெளியானது. கணினி பரவாத காலத்தில், சட்டத்தின் மிரட்டல் இல்லாமல், தனியார் மருத்துவரை எழுத வைத்தார்கள். எங்கள் 1897 சட்டத்தால் இன்னும் அதைச் செய்ய முடியவில்லை.

கிளிநொச்சிக்கு இது தூரத்துக் கனவு அல்ல. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் கமக்கார அமைப்புகளும் அதிகாரிகளும் கூடி, விதைப்பு எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும், மாடுகளை எப்போது கட்ட வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். அதே கூட்டத்தில், டொக்சிசைக்ளின் எந்த வயல்காரருக்கு, எந்தக் கிழமையிலிருந்து என்பதையும் தீர்மானிக்கலாம். அதற்குத் தேவை, கடந்த ஐந்து வருடத்தில் அக்கராயன், ஸ்கந்தபுரம், கோணாவில் பக்கத்தில் பதிவான எலிக்காய்ச்சல்கள் எந்தெந்தக் கிழமைகளில் வந்தன என்று காட்டும், தமிழில் எழுதிய ஒரே ஒரு தாள். பெயர்களை நீக்கிவிட்டுத் திகதியையும் ஊரையும் எடுத்து எழுத ஒரு பின்னேரம் போதும். அந்தத் தகவல் எம்.ஓ.எச். பணிமனையின் பதிவேட்டில் இப்போதும் இருக்கிறது.